அம்பரும் மின்னலும்: ஒரு பெயரின் இரு வேர்கள்

'எலக்ட்ரிசிட்டி' என்னும் சொல்லின் வேர், அம்பர் என்ற மரப்பிசின் புதைபடிவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழின் 'மின்சாரம்', வடமொழியின் 'வித்யுத்', இந்தியின் 'பிஜிலி' ஆகியனவோ மின்னலோடு தொடர்புடையவை. ஒரே இயற்பாட்டிற்கு ஒரு மரபு பிசினின் பெயரையும் மற்றொன்று வானத்து ஒளியின் பெயரையும் இட்டது எங்ஙனம் பொருந்தும்? இதற்கான விடை, நிலைமின்னூட்டத்தைக் கண்டறிந்த எளிய கருவிகளின் வரலாற்றில் உள்ளது.

1600இல் வெளிவந்த 'டி மேக்னெட்' நூலில் வில்லியம் கில்பர்ட் ஓர் ஊசியை விவரிக்கிறார். கூர்முனை மீது தடையின்றிச் சுழலும் இலேசான உலோக ஊசி. திசைகாட்டி போன்றது, ஆயினும் காந்தமேற்றப்படாதது. தேய்த்த அம்பரை அருகே கொணர்ந்தால் அது திரும்பியது. கண்ணாடி, கந்தகம், அரக்கு ஆகியவற்றைத் தேய்த்தபோதும் திரும்பியது. காந்தக்கல் இரும்பை ஈர்க்கும். இவையோ எவ்வுலோக ஊசியையும் ஈர்த்தன. ஆகவே இது காந்தத்தினின்று வேறானது என நிறுவிய கில்பர்ட், 'அம்பரைப் போன்றவை' என்னும் பொருளில் இவற்றிற்கு இலத்தீனில் பெயரிட்டார். கருவி காட்டிய வேறுபாட்டிற்கே சொல் தேவைப்பட்டது.

ஆனால் அவ்வூசிக்கு ஒரு வரம்பு உண்டு. எவ்வகை மின்னூட்டமாயினும் அது ஈர்க்கப்படும். 'உண்டு' எனச் சொல்லும், 'எது' எனச் சொல்லாது. 1733இல் பிரான்சின் து ஃபே, தேய்த்த கண்ணாடியால் விலக்கப்பட்ட பொன்னிதழ், தேய்த்த பிசினால் ஈர்க்கப்படுவதைக் கண்டார். மின்னூட்டம் இருவகை என்பது அப்போது தெளிவாயிற்று.

இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் ஜான் கேன்டன், நூலில் தொங்கும் இரு சிறு பந்துகளைக் கருவியாக்கினார். மின்னூட்டம் பெற்ற பந்துகள் ஒன்றையொன்று விலக்கி அகலும். பின்னர் வகை தெரிந்த மின்னூட்டத்தை அருகே கொணர்ந்தால், ஒரே வகையெனில் இடைவெளி மேலும் விரியும். மாற்று வகையெனில் குறுகும். 1752 மே மாதம், ஃபிராங்கிளினின் யோசனைப்படி, பிரான்சின் மார்லி சிற்றூரில் நட்ட இரும்புக் கம்பியில் இடிமேகத்தின் மின்னூட்டம் பெறப்பட்டது. அவ்வாண்டே அச்சோதனையை இங்கிலாந்தில் செய்து வென்ற கேன்டன், மேகங்களுள் சில நேர் மின்னூட்டமும் சில எதிர் மின்னூட்டமும் கொண்டவை என அறிவித்தார். அம்பரில் கண்டதும் மின்னலில் கண்டதும் ஒன்றே என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

1787இல் ஆபிரகாம் பென்னெட், காற்றசைவு தாக்காதவாறு கண்ணாடிக் கலனுக்குள் இரு பொன்னிதழ்களைத் தொங்கவிட்டார். நம் பாடநூல்களின் தங்க இலை நிலைமின்காட்டி அதுவே. நன்கு காப்பிட்டாலும் இத்தகைய கருவிகள் மெல்ல மின்னூட்டத்தை இழப்பது நெடுங்காலம் குறையாகவே கருதப்பட்டது. அக்குறையைப் பின்தொடர்ந்த விக்டர் ஹெஸ், 1912 ஆகஸ்ட் 7 அன்று மின்னளவிகளுடன் பலூனில் 5,000 மீட்டருக்கும் மேல் சென்றார். உயரே இழப்பு மிகுந்தது. அண்டக் கதிர்கள் அறியப்பட்டன.

மேலை மொழிகளின் சொல் ஆய்வின் தொடக்கத்தைப் பதிவு செய்கிறது. நம் மொழிகளின் சொல் 1752இல் எட்டிய முடிவை முன்கொள்கிறது. ஆதலால், மின்னூட்டம் மின்னலோடு தொடர்புடையது என்பது தமிழ் மாணவருக்குச் சொல்லிலேயே விடையாகக் கிடைத்துவிடுகிறது; அதற்கு முந்தைய 150 ஆண்டு வினா மறைந்துவிடுகிறது. கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது ஊசியையும் பந்துகளையும் உடன் வைத்துக் கற்பிப்பதே அவ்வினாவை மீட்கும் வழி.