பந்தி விசாரணையும் பண்டகசாலையும்

ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு சோற்றுப் பங்கீட்டைப் பற்றியது. எருசலேமில் அன்றாடம் நடந்த உணவு விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிப்பாரற்றுப் போகின்றனர் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் எபிரெயர்மீது குறைகூறவே, அப்போஸ்தலர் அதற்கென ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்த விருத்தாந்தம் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே தானம் நடந்தது என்பதைக் காட்டிலும், தானத்தைப் பெற்றவர்கள் அதன் முறைமையைக் குறித்து நியாயம் கேட்கத் துணிந்தனர் என்பதும், கேட்டவர்களை நன்றிகெட்டவர்கள் என்று ஒருவரும் ஏசவில்லை என்பதும், ஸ்தேவான் முதலான அந்த எழுவரின் நாமங்களும் கிரேக்க நாமங்களாகவே இருக்கின்றன என்பதுமே என் சிந்தையைக் கவர்கின்றன. குறை சொன்னவர்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் போலும்!

அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் இத்தொண்டு பெருகியதற்குச் சான்றுகள் பல. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரிச் சபை 1,500 பேருக்கு மேற்பட்ட விதவைகளையும் எளியோரையும் போஷித்து வந்ததாக அதன் ஆயர் கொர்னேலியு எழுதியிருக்கிறார். கப்பதோக்கியாவில் 369ஆம் ஆண்டையொட்டிப் பெரும் பஞ்சம் வந்தபோது, செசரியா நகரத்துப் பசிலியார் களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்த தனவந்தரின் உள்ளத்தைத் தம் பிரசங்கங்களால் கரைத்து, பசித்தோரை ஓரிடத்தில் கூட்டிக் கொப்பரை கொப்பரையாகக் கூழ் காய்ச்சி ஊற்றினார்.

ஆயினும் கூழ் ஊற்றுவது வேறு, வீட்டுக்குப் பண்டம் கொடுத்தனுப்புவது வேறு. இரண்டாவதற்கு மூலத்தைத் தேடினால் லேவியராகமத்துக்குத்தான் போகவேண்டும். வயலின் ஓரத்தைத் தீர அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை என்பது அங்கே விதி. அந்த விதியின் நிழலில்தான் மோவாபியப் பெண்ணாகிய ரூத், போவாசின் வயலில் நாள் முழுதும் கதிர் பொறுக்கி, மாலையில் தானே தட்டிப் புடைத்து, வாற்கோதுமையைத் தன் மாமியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் எவர் வீட்டு வாசலிலும் ஏனம் ஏந்தி நிற்கவில்லை. அவள் உலை அவள் வீட்டிலேயே கொதித்தது.

இந்தப் பழைய தர்மம் நம் காலத்தில் புதுவடிவம் பெற்றது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் என்றால் வியப்பாக இருக்கலாம். பீனிக்ஸ் நகரில், தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற ஜான் வான் ஹெங்கல் என்பவர் புனித வின்சென்ட் தே பவுல் சபையாரின் அன்னசாலையில் ஊழியம் செய்துகொண்டு, மரத்தடியில் வீணாகும் ஆரஞ்சு முதலிய பழங்களைப் பொறுக்கிப் பழையதொரு வண்டியில் ஏற்றிவந்து கொடுத்துவந்தார். அங்கே அவர் சந்தித்த ஒரு தாய், மளிகைக் கடைகளின் குப்பைத் தொட்டிகளைத் துழாவித் தன் பிள்ளைகளுக்கு ஆகாரம் தேடுபவள். பணத்தைப் போட்டு எடுக்கப் பாங்கு இருப்பதுபோல், வீசியெறியும் உணவைப் போட்டு வைத்து வேண்டியவர் எடுத்துக்கொள்ள ஓரிடம் இருந்தால் என்ன என்ற யோசனையைச் சொன்னவளும் அவளே. புனித மரியன்னை ஆலயத்தார் பயனற்றுக் கிடந்த ஒரு ரொட்டிக் கிடங்கையும் 3,000 டாலரையும் கொடுக்க, 1967இல் முதல் உணவு வங்கி பிறந்தது. முதலாண்டிலேயே 2,50,000 பவுண்டுக்குக் குறையாத உணவு அங்கிருந்து பங்கிடப்பட்டது. தாபகரின் பெயர் சரித்திரத்தில் நிலைத்திருக்கிறது. யோசனை சொன்ன தாயின் பெயரைச் சொல்வார் இல்லை.

வங்கியின் பெருங்கிடங்கிலிருந்து பண்டங்கள் ஊர்தோறும் உள்ள சிறு பண்டகசாலைகளுக்குப் போகின்றன. அவற்றுள் மிகப் பல ஆலயங்களின் நிலவறைகளிலும் கூடங்களிலும் நடப்பவை. தகர டின்களின் தேதியைப் பார்த்துப் பிரிப்பதும், நசுங்கியவற்றை ஒதுக்குவதும், உருளைக்கிழங்கில் அழுகலைப் பொறுக்குவதும் ஆலயத் தொண்டர்களின் வேலை. நல்லெண்ணத்துடன் கொடுத்த உணவால் தீங்கு நேர்ந்தால் வழக்கு வருமோ என்று வியாபாரிகள் அஞ்சியிருந்த அச்சத்தை 1996இல் இயற்றப்பட்ட பில் எமர்சன் சட்டம் பெரிதும் போக்கியது.

இவ்வகைச் சாலைகளுள் சான்பிரான்சிஸ்கோவில் நிசாவின் கிரகோரியார் பெயரால் விளங்கும் ஆலயத்தில் நடப்பது தனிச்சிறப்புடையது. கிரகோரியார் மேற்சொன்ன பசிலியாரின் உடன்பிறந்த தம்பியார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். நாத்திகச் சூழலில் வளர்ந்த பத்திரிகையாளரான சாரா மைல்ஸ் என்ற அம்மையார், ஒரு காலை அவ்வாலயத்துள் நுழைந்து திருவிருந்தில் பங்குபெற்று, பின்பு 2000ஆம் ஆண்டில் அங்கே பண்டகசாலையைத் தொடங்கினார். சுவரைச் சுற்றி மேலே அடியார்கள் நடனமாடும் சித்திரங்கள் அமைந்த அம்மண்டபத்தில், கிழங்கும் அரிசியும் ரொட்டியும் பலிபீடத்தைச் சுற்றியே குவித்து வைக்கப்படுகின்றன. வருவோரிடம் அடையாளச் சீட்டுக் கேட்பதில்லை. பண்டம் வாங்க வந்தவர்களே நாளடைவில் பங்கிடுவோராகவும் நின்றுவிட்டனர். பலிபீடத்தருகே வெங்காய மூட்டையா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். வேறு எங்கே வைப்பதற்கு அதற்கு அதிக உரிமை உண்டு என்று நான் கேட்பேன்.

இத்தொண்டுக்கு எதிரான வாதத்தையும் மறைத்தல் தகாது. தருமம் பெருகப் பெருக, அரசு தன் கடமையினின்று எளிதில் நழுவிவிடுகிறது என்று ஜேனட் பாப்பென்டிக் என்னும் சமூகவியல் ஆசிரியை 1998இல் ஒரு நூலே எழுதினார். அவ்வாதம் மெய்யென்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சட்டம் திருந்தும் வரை குழந்தையின் வயிறு காத்திராது என்பதும் மெய்தானே.

கூர்ந்து நோக்குமிடத்து, வறுமை பண்டகசாலையின் கணக்குக்கும் அகப்படுவதில்லை. ஆங்கில நாட்டில், 2000இல் சாலிஸ்பரியில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய டிரசல் அறநிலையத்தைச் சார்ந்த உணவு வங்கிகள் சிலவற்றில், அடுப்பெரிக்கக் காசில்லாத குடும்பங்களுக்கென, கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவைத்து ஊற்றினாலே பக்குவமாகும் பொருள்களை மட்டும் தனிப்பெட்டியில் இட்டுக் கொடுக்கின்றனர். அரிசி இருந்தும் அதை வேகவைக்க வழியில்லாத வீட்டை, எல்லாருக்கும் ஒரே பெட்டி என்று கட்டி வைப்பவர் எப்படி அறிவார்? நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரைப் பாகில் ஊறிய பழ டின் எதற்கு? பல ஆலயங்கள் இப்போது கட்டிய பெட்டியை விட்டு, கடைபோல் அலமாரிகளில் அடுக்கிவைத்து வருவோரையே தெரிந்தெடுக்கச் செய்கின்றன. இதனால் நேரம் பிடிக்கிறது என்று தொண்டர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. பிடிக்கட்டுமே, போவாசின் வயலிலும் ரூத்தை அவசரப்படுத்தியவர் எவருமில்லை.