மியூஸியத் தமிழ்

மியூஸியங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளின் அடைமொழிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எழில்மிகு, கலைநயமிக்க, காலத்தால் அழியாத, கண்கொள்ளாத. முடிவில் பொக்கிஷம். அமராவதிச் சிற்பத்துக்கும் ஆதிச்சநல்லூர்த் தாழிக்கும் திமிங்கில எலும்புக்கூட்டுக்கும் இவையேதான். பொருளை மாற்றி வைத்தாலும் வாக்கியம் கெடுவதில்லை. ஒரு வாக்கியத்தின்மீது இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு எனக்குத் தெரியவில்லை.

சென்னையின் சாதாரண ஜனங்கள் இதைவிட நன்றாக விமர்சனம் செய்திருக்கிறார்கள். மியூஸியம் 1851இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கி, 1854இல் எழும்பூர் பாந்தியனுக்கு வந்தது. மறு வருஷம் அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். ஜனங்கள் ஒன்றை 'செத்த காலேஜ்' என்றும் மற்றதை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். 'காலேஜ்' பழைய கட்டடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். 'செத்த' அவர்களே கண்டது. பாடம் செய்த மிருகமும் பூஜை நின்றுபோன விக்கிரகமும் அவர்களுக்கு ஒரே ஜாதி. 'அருங்காட்சியகம்' பண்டிதர்கள் செய்த சொல். அதில் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே பாராட்டு வந்துவிடுகிறது.

நான் பிழைப்பது காஞ்சிபுரத்தில் ஒரு வங்கியின் நகைக்கடன் மேஜையில். அப்ரைஸர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். "காசுமாலை ஒண்ணு, மூணு காசு இல்லே, கொக்கி பழுது, மொத்த எடை இவ்வளவு, கல்லும் அரக்கும் போக இவ்வளவு." அழகு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, நூறு உருப்படிகளுக்கு நடுவிலிருந்து அந்த மாலையை அந்த ஒரு வரியைக் கொண்டே எடுத்துவிட முடியும்.

இந்த வாசகத்துக்கு ஆயிரம் வருஷ வயது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுவரை வந்த திருமேனிகளும் நகைகளும் சுவரிலேயே பட்டியலாகி நிற்கின்றன. ஹூல்ட்ஷ் அவற்றை 1891 முதல் அச்சேற்றினார். நமது உரைநடை வரலாறுகள் அந்தச் சுவரை இன்னும் கவனிக்க வேண்டும். செப்புத் திருமேனி ஒவ்வொன்றுக்கும் பாதத்திலிருந்து கேசம்வரை உயரம், கோயில் முழக்கோலால் அளந்து, விரல் கணக்கில். எத்தனை ஸ்ரீஹஸ்தம், கனமாகச் செய்ததா, பொள்ளலாகச் செய்ததா, பீடம் எவ்வளவு. நகையானால் பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்றொரு கல், ரத்தினத்துக்குத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்று இன்னொன்று. முத்தை மட்டும் எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறார்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். 'குளிர்ந்த நீர்' என்பது முத்தின் ஒளி. புதுக்கவிதைக்காரர்கள் (என்னையும் சேர்த்து) பொறாமைப்பட வேண்டிய சொல். எழுதிய கணக்கனுக்குக் கவிதை உத்தேசம் ஏதும் இருந்திருக்காது. பொருள் களவு போகக்கூடாது, மாற்றி வைக்கப்படக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சுவரில் அடைமொழியைவிட முக்கியமானது வினைச்சொல். ஒவ்வொரு திருமேனியையும் இன்னார் எழுந்தருளுவித்தார் என்றிருக்கும். ராஜராஜனின் அக்கன் குந்தவை, ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி என்று வினைக்கு ஆள் உண்டு. மியூஸியத் தமிழின் வினை 'கிடைத்தது'. யார் எடுத்தார், யார் கொடுத்தார் என்று இந்த வினையைக் கேட்க முடியாது. ஆங்கிலத்துக்கும் இப்படி வசதிகள் உண்டு. 1845இல் அமராவதியில் வால்டர் எலியட் தோண்டியெடுத்த பலகைகள் 'எலியட் மார்பிள்ஸ்' ஆயின; 1859இல் லண்டன் போயின. அவை சலவைக்கல்லே அல்ல, சுண்ணாம்புக்கல். இரண்டு சொல்லில் கல்லும் மாறியது, உடைமையும் மாறியது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். பத்தாம் நூற்றாண்டில் காஞ்சிப் பக்கம் யோகினிகளுக்கு ஒரு கோயில் இருந்தது. 1920களில் புதுச்சேரிவாசியான பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய் அதன் சிலைகளைக் கண்டார். பாரிஸ் கலை வியாபாரி சி.டி. லூ வழியாக அவை கடல் கடந்தன. இன்று லண்டன், பாரிஸ், வாஷிங்டன், டொராண்டோ, டெட்ராய்ட், மினியாபொலிஸ், கான்ஸாஸ் சிட்டி என்று ஊருக்கொன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். எழும்பூரிலும் உண்டு. பத்மா கைமல் 2012இல் இவர்களைத் தேடி ஒரு முழுப் புத்தகம் எழுதினார், ஆங்கிலத்தில். கோயில் நின்ற இடத்தை இங்கே யாரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது.

தமிழில் இதற்குத் தயார்த் தலைப்பு 'கடல் கடந்த கலைச்செல்வங்கள்'. கலைச்செல்வம் தானாக எழுந்துபோய்க் கப்பல் ஏறியதுபோல. 'திருடப்பட்ட' என்று தொடங்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் எடுத்தவர், விற்றவர், வாங்கியவர், வருஷம், விலை என்று கணக்கு எழுதாமல் அந்தச் சொல்லைப் போட்டால் அதுவும் 'எழில்மிகு' மாதிரி ஒரு அடைமொழிதான்.

நான் அப்ரைஸர் பாணியில் எழுதிப் பார்த்தேன். யோகினி ஒன்று. கல். உட்கார்ந்த கோலம். ஊர் காஞ்சிப் பக்கம். எடுத்து அனுப்பியவர் ழுவோ-துப்ரேய். விற்றவர் லூ. எழுந்தருளுவித்தவர் என்ற இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.