மாளிகையும் ஏரியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தொடங்கி, சிதம்பரத்தைக் கடந்து, மேற்கே திரும்பி லால்பேட்டையில் வீராணம் ஏரியின் கரையேறி நிற்கும் வரையிலான பிரயாணம் ஒரு நாளில் முடிந்துவிடக்கூடியதே. ஆயினும் அந்தச் சிறு தொலைவுக்குள் ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருப்பதையும், அரசர்களும் கம்பெனி அதிகாரிகளும் எழுப்பியவற்றுள் எது நிலைத்தது, எது அழிந்தது, எக்காரணத்தால் என்னும் வினாவுக்கு வழியெங்கும் விடை கிடப்பதையும் பொறுமையுள்ள பிரயாணி கண்டுகொள்வான்.

மஞ்சக்குப்பத்தில் 'கார்டன் ஹவுஸ்' என்று இன்றும் அழைக்கப்படும் தோட்ட மாளிகை, கோட்டைக்குள் அடைந்து கிடக்க விரும்பாத கம்பெனி அதிகாரிகள் காற்றுக்கும் நிழலுக்குமாக அமைத்துக்கொண்ட வாசஸ்தலம். 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பட்டினம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமை தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பெண்ணையாற்றைக் கடந்து வந்த பிரெஞ்சுப் படை முதலில் கைப்பற்றியது கோட்டையை அன்று, இந்தத் தோட்டத்தையே. ஆர்க்காட்டு நவாபின் புதல்வர்கள் படையுடன் வந்து தாக்கவே, பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டுப் பின்வாங்கினர். சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கே வந்து சேர்ந்த ராபர்ட் கிளைவ் என்னும் இளம் எழுத்தர், பத்தாண்டுகளுக்குப் பின் 1756-இல் அதே கோட்டையின் அதிபராகத் திரும்பினார். அவர் பெயரோடு பிணைந்த இம்மாளிகை, பிற்காலத்தில் மாவட்ட ஆட்சியர்களின் இல்லமாயிற்று.

அங்கிருந்து கிழக்கே, கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே, அந்தக் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. 1690-இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து கம்பெனியார் அதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையுள்ள நிலம் தமதென்று எல்லை வகுத்துக்கொண்டனர். அவ்வாறு அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. உழுது விதைத்தவனைக் கேளாமல் பீரங்கியைக் கேட்டு நிர்ணயித்த அந்த எல்லையின் நடுநாயகம் ஏழு தசாப்தங்கள்கூட முழுமையாக நிற்கவில்லை. 1758-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபுவிடம் சரணடைந்த கோட்டை, அவர் கட்டளைப்படி தகர்க்கப்பட்டது. கம்பெனியின் தலைமையோ 1752-லேயே சென்னைக்குத் திரும்பியிருந்தது. ஆகவே அதை மீண்டும் பழைய உருவில் எழுப்பவேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்படவில்லை. தோட்ட மாளிகையில் அதிகாரிகள் தொடர்ந்து வசித்தார்கள், அது பிழைத்தது. கோட்டைக்கு உபயோகம் ஒழிந்தது, அது மண்ணாயிற்று.

இந்த நியதிக்கு இன்னும் பெரிய சாட்சியம் காண விரும்புவோர் லால்பேட்டைக்குத் தென்மேற்கே கங்கைகொண்ட சோழபுரம் செல்லவேண்டும். கங்கை வரை படை செலுத்திய ராஜேந்திர சோழன் வாழ்ந்த அரண்மனை, இன்று மாளிகைமேடு என்னும் பெயரும், அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களுமாகவே எஞ்சியுள்ளது. வழிபாடு இருந்ததால் அங்குள்ள பெரிய கோயில் நின்றது. எனினும் 1836-ஐ ஒட்டிக் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் சுற்றுமதில் கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. தடுக்க முனைந்த ஊர் மக்கள் தண்டனைக்கு உள்ளானார்கள். அந்த அநீதியை நினைக்கும்போது மனம் பதறாமல் இராது. ஆனால், அதே அணையிலிருந்து வடவாற்றின் வழியே புறப்படும் நீர்தான் சோழர் வெட்டிய வீராணத்தை இன்று நிரப்புகிறது என்பதையும் சரித்திரம் அருகருகே வைத்துக் காட்டுகிறது.

அந்த வீராணம், முதலாம் பராந்தகனின் விருதுப்பெயரால் வீரநாராயண ஏரி எனப் பெயர் பெற்றது. அவன் மைந்தன் ராஜாதித்தன், வடபுலத்துப் பகையை எதிர்நோக்கி இப்பிரதேசத்தில் தங்கியிருந்த காலத்தில், தன் வீரர்களைக் கொண்டே இதை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த செய்தி. 949-இல் தக்கோலப் போரில் ராஷ்டிரகூடருடன் பொருது யானைமீதே உயிர்துறந்த அந்த இளவரசன் அரியணை ஏறவில்லை. அவன் வாழ்ந்த மாளிகை இன்னதென்று காட்ட ஒரு செங்கல்லும் இல்லை. ஆனால் அவன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி சுமார் 45,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கிறது; 2004 முதல் சென்னை மாநகரத்தின் தாகத்தையும் தீர்க்கிறது. ஏரியின் தென்பால் அமைந்த லால்பேட்டையில், பள்ளிவாசல் பாங்கோசை எட்டும் தொலைவிலேயே வெற்றிலைக் கொடிக்கால்கள் தழைத்திருக்கின்றன. வெள்ளத்தில் மிஞ்சிய நீர் இங்குள்ள மதகுகளின் வழியே வெள்ளியங்கால் ஓடையில் இறங்குகிறது. சோழன் வெட்டியதென்றோ, துரைமார் செப்பனிட்டதென்றோ, இந்து உழவன் முஸ்லிம் உழவன் என்றோ பேதம் பாராமல், தன்னை வேண்டுவோர் அனைவரையும் வாழ்விப்பதாலேயே இந்த ஏரி ஆயிரம் ஆண்டுகளாக வேண்டப்படுகிறது.

பழம்பெருமையைக் காண விழைவோர் மாளிகைகளை நாடிச் செல்வது இயல்பே. தோட்ட மாளிகையும் மாளிகைமேடும் பேணப்படவேண்டியவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மாளிகையின் சுவரில் விழும் வெடிப்பைக் கண்டு வருந்தும் நாம், வண்டல் படிந்து ஆண்டுதோறும் ஆழம் குறைந்துவரும் இந்த ஏரியைக் கண்டும் அதே அளவு வருந்தவேண்டும். வீராணத்தைத் தூர் வாருவதைப் பொதுப்பணிச் செலவாக மட்டும் கருதாமல், தமிழ்நாட்டின் தலையாய சரித்திரச் சின்னங்களுள் ஒன்றுக்குச் செய்யும் ஜீர்ணோத்தாரணம் என்று அரசும் மக்களும் கருதும் நாளில்தான், ராஜாதித்தனுக்கு நாம் பட்ட கடன் தீரும்.