உள்நோக்கம் என்னும் அரண்: மெக்ளெஸ்கி தீர்ப்பும் அமெரிக்கக் குற்றவியல் நீதியின் இனச் சாய்வும்

இனப் பாகுபாட்டைக் காட்டிய புள்ளியியல் ஆய்வொன்றைச் சரியானது என்றே வைத்துக்கொண்டு, அந்த ஆய்வை நம்பி வந்தவரின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்த தீர்ப்பு ஒன்று உண்டு. மெக்ளெஸ்கி எதிர் கெம்ப் என்ற வழக்கில் 1987 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வழங்கியது அது. வாரன் மெக்ளெஸ்கி ஒரு கறுப்பினத்தவர். 1978இல் அட்லாண்டாவில் ஓர் அறைகலன் கடையில் நடந்த கொள்ளையின்போது வெள்ளைக் காவலர் ஒருவரைக் கொன்றதாக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஜார்ஜியாவில் மரண தண்டனை இனம் பார்த்து விழுகிறது என்பது அவர் தரப்பு வாதம். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், இந்த வழக்கில் இவருக்கு எதிராக யார் இனவெறியோடு முடிவெடுத்தார் என்று காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். 1991 செப்டம்பரில் அவருடைய தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அமெரிக்கக் குற்றவியல் நீதியின் இன ஏற்றத்தாழ்வு குறித்து எழுதுவோர் பலர் சிறைக் கணக்கிலிருந்து தொடங்குவார்கள்: மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடாக உள்ள கறுப்பினத்தவர் சிறைவாசிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறார்கள் என்று. இந்தக் கட்டுரை மெக்ளெஸ்கியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சீர்திருத்தத்துக்கு அங்கே தடையாக நிற்பது சான்றின் பற்றாக்குறை அன்று. எதைச் சான்றாக ஏற்கலாம் என்று சட்டம் வகுத்துக்கொண்ட விதியே என்பது என் வாதம்.

மெக்ளெஸ்கி நம்பி வந்த ஆய்வு இது: டேவிட் பால்டஸ் தலைமையிலான குழு 1970களில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்தது. கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் 22 விழுக்காட்டில் மரண தண்டனை. வெள்ளையர் வெள்ளையரைக் கொன்றவற்றில் 8. வெள்ளையர் கறுப்பினத்தவரைக் கொன்றவற்றில் 3. கறுப்பினத்தவர் கறுப்பினத்தவரைக் கொன்றவற்றில் 1. குற்றத்தின் கொடுமை, முந்தைய குற்றப் பதிவு போன்ற இனம் சாராக் காரணிகள் பலவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், கொலையுண்டவர் வெள்ளையர் என்றால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்காக நின்றது. அரசு வழக்கறிஞர் மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் கட்டத்தைத் தனியே பார்த்தால் விவரம் இன்னும் தெளிவாகிறது: கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் 70 விழுக்காட்டில் கேட்டிருக்கிறார்கள், இரு தரப்பும் கறுப்பினத்தவர் என்றால் 15 விழுக்காட்டில் மட்டும். ஜூரி அமர்வதற்கு முன்பே, வெளியாருக்குத் தெரியாத ஓர் அலுவலக அறையில் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

இந்த எண்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹார்வர்டு சட்ட அறிஞர் ராண்டல் கென்னடி 1988இலேயே அதைச் சுட்டினார். பாகுபாடு குற்றவாளிக்கு எதிரானது மட்டுமில்லை. கறுப்பினத்தவரின் உயிர்ப் பலியை அரசு மலிவாக மதிக்கிறது, அந்தச் சமூகத்துக்குக் கிடைக்கவேண்டிய பாதுகாப்பே குறைகிறது என்பது அவர் வாதம். குற்றவாளிகளுக்கு இரக்கம் காட்டும் ஒரு பிரச்சினையாக மட்டும் இதைச் சுருக்கிவிடும் விவாதங்களில் இந்தப் பாதி காணாமல் போகிறது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் லூயிஸ் பவல், வேலைவாய்ப்புப் பாகுபாட்டு வழக்குகளிலும் ஜூரிப் பட்டியல் வழக்குகளிலும் புள்ளிவிவரத்தை நீதிமன்றங்கள் ஏற்பதை மறுக்கவில்லை. அங்கே முடிவெடுப்பது ஓர் அமைப்பு, பார்க்கவேண்டிய காரணிகள் குறைவு. மரண தண்டனையிலோ ஒவ்வொரு ஜூரியும் வேறு, ஒவ்வொரு வழக்கும் வேறு என்று வேறுபடுத்தினார். சம்பளத்தில் பாகுபாடு என்று வழக்காடும் ஊழியருக்குப் போதுமான சான்று, உயிருக்காக வழக்காடுபவருக்குப் போதாமல் போனது. இந்தக் கோரிக்கையை ஏற்றால் மற்ற தண்டனைகளுக்கும் மற்ற பிரிவினருக்கும் இதே வாதம் பரவும் என்ற அச்சத்தையும் அவர் எழுதியிருந்தார். அளவுக்கு மீறி நீதி கிடைத்துவிடுமோ என்ற பயம் அது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதியரசர் பிரென்னன் சாடினார். ஓய்வுபெற்ற பின், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் கேட்டபோது, வாக்கை மாற்றிக்கொள்வதென்றால் இந்த வழக்கில் மாற்றிக்கொள்வேன் என்றார் பவல். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

உள்நோக்கத்தைத் தேடும் சட்டம் ஒரு கெட்ட மனிதரைத் தேடுகிறது. ஆனால் குற்றவியல் நடைமுறை பல கைகள் மாறும் தொடர்வண்டிப் பயணம்: எந்தத் தெருவில் காவலர் நிற்பது, யாரை மறிப்பது, எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது, யாரை ஜூரியிலிருந்து நீக்குவது, எவ்வளவு தண்டனை கேட்பது. ஒவ்வொரு நிலையத்திலும் சிறு சாய்வு. இறங்குமிடத்தில் பெரும் வேறுபாடு. எந்த ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாமலே அநீதி நடந்தேறிவிட முடியும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. சிறையில் காணும் வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காட்டைக் கைது விகிதங்களில் உள்ள வேறுபாடே விளக்கிவிடுகிறது என்று குற்றவியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் புளும்ஸ்டைன் 1982இல் காட்டினார். கொலை, கொள்ளை போன்ற குற்றங்களைப் பொறுத்தவரை இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தள்ளுவது நேர்மையும் ஆகாது. ஆனால் போதைப்பொருள் வழக்குகளில் இந்த விளக்கம் மிகவும் பலவீனமானது என்பது அவருடைய கணக்கிலேயே தெரியவந்தது. காரணம் வெளிப்படை. போதைப்பொருள் விற்பனையில் புகார் கொடுப்பவர் இல்லை. காவலர் தேடிப்போன இடத்தில்தான் குற்றம் பதிவாகிறது. அங்கே கைது எண்ணிக்கை குற்றத்தை அளப்பதைவிடக் காவல்துறையின் கவனத்தையே அதிகம் அளக்கிறது.

1986ஆம் ஆண்டின் போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம் இதற்குக் கூர்மையான எடுத்துக்காட்டு. 5 கிராம் கிராக் கொக்கைன் வைத்திருந்து விற்றவருக்கும் 500 கிராம் கொக்கைன் தூள் விற்றவருக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை. அடிப்படையில் இரண்டும் ஒரே பொருள். கூட்டரசு நீதிமன்றங்களில் 1990களில் கிராக் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல் கிடையாது. நியூயார்க்கின் சார்லஸ் ராங்கல் உட்படக் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் அன்று அதை ஆதரித்தார்கள். தம் தெருக்கள் அழிவதைக் கண்டவர்கள் அவர்கள். வாஷிங்டன் நகரில் கறுப்பினத் தலைவர்களே கடும் தண்டனை கேட்ட வரலாற்றைச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் ஃபோர்மன் விரிவாக எழுதியிருக்கிறார். உள்நோக்கம் என்ற அளவுகோலின் முன் இந்தச் சட்டம் எளிதில் தப்பிவிடும். தண்டனை வழிகாட்டு ஆணையம் 1995இலேயே வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் நிராகரித்தது. 2010இல்தான் 100க்கு 1 என்பது 18க்கு 1 ஆயிற்று. பழைய கைதிகளுக்கும் அது பொருந்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் 18? அறிவியல் காரணம் ஏதும் இல்லை. பேரத்தில் கிடைத்த எண்.

ஜூரித் தேர்வில் உள்நோக்கக் கோட்பாடு எப்படிச் சடங்காகிப் போனது என்பதற்கு 1986இன் பேட்சன் தீர்ப்பு சாட்சி. காரணம் சொல்லாமல் ஜூரர்களை நீக்கும் உரிமையை இனம் பார்த்துப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. சந்தேகம் எழுந்தால் அரசு வழக்கறிஞர் இனம் சாராத காரணம் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, கவனமில்லாமல் இருந்தார் என்று ஏதோ ஒன்றைச் சொன்னால் பெரும்பாலும் போதும் என்றாகிவிட்டது. ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில் பாகுபாடு நிரூபணமானது, அரசுத் தரப்பின் குறிப்பேடுகள் தகவல் கோரிக்கை வழியாக வெளியே வந்ததால்தான். கறுப்பின ஜூரர்களின் பெயர்கள் பச்சை வண்ணம் தீட்டி அடையாளமிடப்பட்டிருந்தன. தீர்ப்பு 2016இல் வந்தது. தண்டனையோ 1987இல் விதிக்கப்பட்டது. மிசிசிப்பியில் கர்டிஸ் ஃப்ளவர்ஸை ஒரே குற்றத்துக்காக ஆறு முறை விசாரித்தார்கள். நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியிருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு வழக்கே கைவிடப்பட்டது. இப்படி அப்பட்டமான தடயம் விட்டுச்செல்வோர் எத்தனை பேர்?

மாற்றம் மாநிலங்களிலிருந்து வந்திருக்கிறது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் இயற்றிய 37ஆம் பொது விதி, நீக்கியவரின் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. நடுநிலையான பார்வையாளர் ஒருவருக்கு இனம் ஒரு காரணியாகத் தோன்றக்கூடுமா என்பதே கேள்வி. காவல்துறையை நம்பாதவர், குற்றம் மிகுந்த பகுதியில் வாழ்பவர் என்பன போன்ற வழக்கமான சாக்குகளைச் செல்லாதவை என்று முன்கூட்டியே கருதுகிறது அந்த விதி. அதே ஆண்டு அதே நீதிமன்றம், கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு 3.5 முதல் 4.6 மடங்கு என்று காட்டிய ஆய்வை ஏற்று, அம்மாநிலத்தில் அத்தண்டனை செயல்படுத்தப்பட்ட விதத்தை அரசமைப்புக்கு முரண் என்றது. மெக்ளெஸ்கிக்குக் கிடைக்காதது அங்கே கிடைத்தது. அரிசோனா இன்னும் ஒரு படி மேலே போய், காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையையே 2022 முதல் ஒழித்துவிட்டது.

வட கரோலினாவின் அனுபவம் எச்சரிக்கை. 2009இல் இன நீதிச் சட்டம் வந்தது. 2012இல் அதன் கீழ் முதல் மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது. 2013இல் சட்டமே நீக்கப்பட்டது. வென்றது கண்டு பயந்து திரும்பப் பெற்ற சட்டம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மனு கொடுத்தவர்களின் உரிமையை இந்த நீக்கம் பறிக்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் காப்பாற்றியது.

ஊழியர்களுக்கு மறைமுகச் சாய்வு குறித்த பயிற்சி வகுப்பு நடத்துவதும் சீர்திருத்தம் என்றே பட்டியலிடப்படுகிறது. அதனிடம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதுவும் தனிமனித மனத்தையே குறிவைக்கிறது. உள்நோக்கக் கோட்பாட்டின் மென்மையான மறுபதிப்பு. அதைவிட, தண்டனைகளைக் குறைத்ததும் போதைப்பொருள் வழக்குகளைச் சுருக்கியதும் கூடுதலாகச் சாதித்திருக்கின்றன என்று கருத இடமுண்டு: 2000இல் வெள்ளையரைவிட எட்டு மடங்குக்குச் சற்று மேலாக இருந்த கறுப்பினத்தவரின் மாநிலச் சிறை விகிதம் 2020இல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இறங்கியது. இறங்கியிருக்கிறது என்பது உண்மை. ஐந்து மடங்கு என்பதும் உண்மை.

இனி முதன்மையான கேள்வி ஆவணங்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பது. 1996இன் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கில், 1991இல் முடிந்த 24 கிராக் வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கறுப்பினத்தவரே என்று தற்காப்புத் தரப்பு காட்டியது. அரசுக் கோப்புகளைப் பார்க்க வேண்டுமானால், அதே நிலையில் இருந்தும் வழக்குத் தொடரப்படாத பிற இனத்தவரை முதலில் காட்டு என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பெயர்கள் இருக்கக்கூடிய இடமே அரசின் கோப்புதான். 2021 முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியாவின் இன நீதிச் சட்டம் உள்நோக்க நிபந்தனையை நீக்கியதோடு, நம்பத்தக்க அடிப்படை ஏதேனும் காட்டினாலே தகவல் கேட்கலாம் என்ற வழியையும் திறந்தது; 2022இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்த வாசலைத் தாழ்வாகவே வைக்க வேண்டும் என்றும் விளக்கியது. அங்கும் ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. தண்டனைகளில் மிகப் பெரும்பாலானவை விசாரணை இல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரத்தில் முடிகின்றன. யாருக்கு எந்தச் சலுகை முன்வைக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது எழுத்தில் பதியப்படாத இடத்தில் எவ்வளவு தாராளமான தகவல் உரிமைக்கும் எடுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பேரத்திலும் முன்வைத்த சலுகையையும் அதற்கான காரணத்தையும் அரசு வழக்கறிஞர் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் சட்டமே அடுத்து வர வேண்டியது. அதை எதிர்க்கப்போவோரும் அந்த அலுவலகங்களில்தான் இருக்கிறார்கள்.