நகராத சட்டை

மூன்று சுழி ‘ண’வை ஓர் அட்டையில் தடித்த கோட்டால் எழுதி, அந்தக் கோட்டை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துப் பாருங்கள். கோடு வெளியே வரும்போது முதல் சுழிக்குள் இருந்த அட்டைத் துண்டும் கழன்று கீழே விழும். சுற்றிலும் வெட்டியாகிவிட்டது, அதைப் பிடித்துக்கொள்ள இனி எதுவும் இல்லை. இப்போது அந்த அட்டையைத் துணிமேல் வைத்து மை தடவினால் சுழி இருக்காது, ஒரு மைப்பொட்டு இருக்கும்.

விழுகிற அந்தத் துண்டை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று யோசித்தவர்களின் வரிசையில்தான் நாம் போட்டுக்கொள்கிற படம் போட்ட டி-ஷர்ட் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை நகராமல் பிடித்து நிறுத்தினார்கள் என்று சொல்லலாம்.

அரிசி மூட்டையிலும் மரப்பெட்டியிலும் தகடு வைத்து மை பூசுகிறவர்கள் எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெட்டும்போதே சுழிக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் விட்டுவிடுவார்கள். மூட்டை எழுத்துகள் ஆங்காங்கே அறுந்தாற்போல் தெரிவது அதனால்தான். ஊர்ப் பெயரும் எடையும் படிக்கக் கிடைத்தால் போதும் என்கிற இடத்தில் அது குறையே அல்ல. ஒரு பூவின் மகரந்தத்தை, ஓடும் நீரின் சுழலைத் துணியில் கொண்டுவர நினைத்தவர்களுக்குத்தான் அந்தப் பாலம் கண்ணை உறுத்தியது.

ஜப்பானில் மியே மாநிலத்தின் சுசுகா நகரைச் சேர்ந்த ஷிரோகோ, அப்படி உறுத்தல் பட்டவர்களின் ஊர். கிமோனோ துணிக்கு வடிவம் ஏற்றும் ‘கதகாமி’ என்ற காகித அச்சுகளை வெட்டுவது எடோ காலம் முழுக்க அங்கே பெருந்தொழிலாக நடந்தது. முசுக்கட்டை இனத்து மரப்பட்டையில் செய்த காகிதத்தை அடுக்கி, காயாகப் பறித்த சீமைப் பனிச்சையின் துவர்ச் சாற்றால் ஒட்டி, புகையில் வாட்டுவார்கள். காகிதம் பழுப்பேறித் தோல்போல் உறுதியாகும், நனைந்தாலும் சுருங்காது. சில தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே கத்தியில் வடிவத்தை வெட்டுவார்கள். பிறகு தாளை இரண்டாகப் பிரித்து, நடுவே பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, மேல்தாளும் கீழ்த்தாளும் மயிரிழை பிசகாமல் பொருந்தும்படி மறுபடி ஒட்டுவார்கள். அந்தரத்தில் நிற்கும் துண்டுகளை நூல் தாங்கிக்கொள்ளும். நூல் அத்தனை மெல்லியது என்பதால் அரிசிப் பசை அதைச் சுற்றிக்கொண்டு துணிக்கு இறங்கிவிடும். நூலின் தடம் விழாது. பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது, கழுவினால் வடிவம் வெளுப்பாக நிற்கும்.

டி-ஷர்ட்டில் படம் போடும் திரை அச்சின் (ஸ்கிரீன் பிரிண்டிங்) முழு ரகசியமும் இதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. துண்டைத் தாங்கும் அளவுக்கு வலுவும், மைக்கு வழிவிடும் அளவுக்கு மென்மையும் கொண்ட ஒன்று வேண்டும், அது நூல்தான் என்று ஷிரோகோவின் கைகள் கண்டுகொண்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜப்பானின் துறைமுகங்கள் மேற்குலகுக்குத் திறந்தபின் கதகாமிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. லண்டன், வியன்னா அருங்காட்சியகங்களில் இன்றும் அவை பாதுகாக்கப்படுகின்றன. அடுத்த கேள்வி இதுதான்: ஆங்காங்கே நூல் கட்டுவதற்குப் பதிலாக, நூலாலேயே நெய்த வலைத்துணியை அச்சு முழுவதற்கும் அடியில் விரித்துவிட்டால் என்ன? அதற்கேற்ற துணி ஐரோப்பாவில் ஏற்கெனவே வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மாவு அரைக்கும் ஆலைகளில் சலிப்பதற்காகச் சுவிட்சர்லாந்தில் நெய்த பட்டுச் சல்லடைத் துணி அது. மாவு சலித்த பட்டு மை சலிக்க வந்தது.

1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டின் வழியே வண்ணம் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்தைத் தள்ள அவர் பயன்படுத்தியது தூரிகை. ரப்பர் பட்டை வைத்த ‘ஸ்குவீஜி’ பின்னர் அமெரிக்கப் பட்டறைகளில் நிலைத்தது. தூரிகை ஓரிடத்தில் அழுத்தும், ஓரிடத்தில் நழுவும். ரப்பர் விளிம்போ சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கனத்தில் மையை வழித்துச் செல்லும்.

வலை அமைந்தபின்னும் வெட்டுகிற வேலை ஓயவில்லை. அதை ஓயவைத்தது வெளிச்சம். 1839-ல் ஸ்காட்லாந்தின் மங்கோ பான்டன், பொட்டாசியம் டைகுரோமேட்டில் தோய்த்த காகிதம் வெயில் பட்டால் நிறம் மாறுவதைக் கவனித்திருந்தார். அதே உப்பை ஜெலட்டினோடு கலந்தால், வெளிச்சம் பட்ட இடம் தண்ணீரில் கரையாமல் இறுகிவிடுகிறது என்பதை ஃபாக்ஸ் டால்பட் 1852-ல் பயன்படுத்திக் காட்டினார். அமெரிக்க அச்சுக்காரர்கள் 1910களில் இந்தக் கலவையைத் திரையில் பூசிப் பார்க்கத் தொடங்கினர். மருந்து மாறியிருந்தாலும் இன்றைய பட்டறையில் நடப்பது அதேதான். திரையில் எமல்ஷன் பூசி, இருட்டில் உலர்த்தி, கறுப்பு மையில் படம் எடுத்த ஃபிலிமை அதன்மேல் வைத்து விளக்கைப் போடுவார்கள். கறுப்பு மறைத்த இடத்துக்கு வெளிச்சம் போகாது. தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து வலை திறக்கும். மூன்று சுழியும் பத்திரமாக இருக்கும், பிளேடு தேவையில்லை.

அமெரிக்காவில் கல்லூரிகளின் கம்பளிக் கொடிகளிலும் கடை விளம்பர அட்டைகளிலும் இது பரவியது. பட்டறைகள் செய்முறையை வெளியே சொல்லாமல் காத்தன. அரசின் கலைத் திட்டத்தில் சுவரொட்டி அச்சிட்ட ஆண்டனி வெலோனிஸ் 1930களில் அதை விளக்கி எழுதி ஓவியர்களின் கைக்குக் கொண்டுவந்தார். கற்றதைப் பொதுவில் வைத்த அந்தக் கைக்கு இந்தத் தொழில் நிறையக் கடன்பட்டிருக்கிறது. ஆண்டி வார்ஹோல் 1962-ல் மர்லின் மன்றோவின் முகத்தைத் திரையில் ஏற்றியபோது, கடைத்தெருவின் அந்த முறை ஓவியக் கூடத்துக்குள் பேரோடு நுழைந்தது.

சட்டைக்கு வருவோம். டி-ஷர்ட் முதலில் உள்ளாடைதான். எழுத்தோடு அது வெளியே வந்ததற்குப் புகழ்பெற்ற சான்று 1942 ஜூலையில் வந்த ‘லைஃப்’ இதழின் அட்டை. அமெரிக்க விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட பனியனோடு ஒரு வீரர் அதில் நிற்கிறார். ஆனால் ஒரு நிறத்தோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். காகிதத்தை எடுத்துக் காயவைத்து, மறுபடி அதே மூலையில் வைத்து இரண்டாம் நிறம் அடிக்கலாம். பின்னலாடையை அப்படிச் செய்ய முடியாது. எடுத்தால் இழுபடும், வைத்தால் சுருங்கும். சிவப்பு உதடு கன்னத்தில் போய் விழும்.

மைக்கேல் வாசிலன்டோன் என்ற அமெரிக்கர் இதைத் தலைகீழாக யோசித்தார். சட்டையைப் பலகையில் ஒரே ஒரு முறை மாட்டிவிட வேண்டும். கடைசி நிறம் விழும்வரை அதைத் தொடவே கூடாது. சட்டை திரையைத் தேடிப் போவதற்குப் பதில், ஒரு தண்டைச் சுற்றிக் குடைக்கம்பிகள்போல் பொருத்திய திரைகள் ஒவ்வொன்றாகச் சட்டையைத் தேடி வரட்டும். 1960 முதல் இப்படிச் சுழலும் எந்திரங்களைச் செய்து விற்றார். 1967-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1969-ல் கிடைத்தது. பந்துருட்டி ஆடும் ‘பௌலிங்’ அணிகளின் சட்டைகளில் பெயர் போடத்தான் முதலில் செய்தார். விரைவிலேயே டி-ஷர்ட் அதைத் தனதாக்கிக்கொண்டது. ஷிரோகோவின் நூல் சுழிக்குள்ளிருந்த துண்டைப் பிடித்தது என்றால், இந்தப் பலகை சட்டையையே பிடித்தது.

மையும் இருந்த இடத்தில் இருக்க வேண்டுமே! தண்ணீர் கலந்த மை, வேலை நடக்கும்போதே திரையில் காய்ந்து வலைக் கண்களை அடைத்துவிடும். பி.வி.சி. பொடியை இளக்கும் எண்ணெயில் கலந்த ‘பிளாஸ்டிசால்’ அந்தக் கவலையைத் தீர்த்தது. பி.வி.சி.யை இளகவைக்கும் வித்தையை வால்டோ சீமன் 1926-லேயே கண்டிருந்தார். பிளாஸ்டிசால் காற்றில் காயாது. திரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு மை முழுக்க இறங்கினால்தான் அது உருகி, நூலிழைகளைக் கவ்விக்கொண்டு இறுகும். கறுப்புச் சட்டைக்கு முதலில் வெள்ளை அடித்து, சில நொடிச் சூட்டில் மேற்பரப்பை மட்டும் இறுக்கி, அதன்மேல் மற்ற நிறங்களைப் போடுகிறார்கள். வசதிக்கு ஒரு விலையும் உண்டு. இளக்கத்துக்குச் சேர்த்த தாலேட்டுகளில் சில உடலுக்கு ஆகாதவை என்று தெரிந்தபின், குழந்தைகளுக்கான பொருள்களில் தொடங்கி அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. வாங்குகிறவர்கள் அதைக் கறாராகக் கேட்பது நியாயம்தான்.

திருப்பூரில் இந்தக் கதையின் இரண்டு காலங்களையும் பார்க்கலாம். ஒரு கூடத்தில் தானியங்கி எந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் டேபிள் பிரிண்டிங். நீள மேசையில், தைப்பதற்கு முன்பே வெட்டிய முன்பக்கத் துண்டுகளைப் பசையில் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ஆள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பீஸாக நடந்து, மேசை ஓரத்து அடையாளத்தில் சட்டத்தை முட்டவைத்து, ஸ்குவீஜியை ஓர் இழுப்பு இழுப்பார். கடைசி பீஸை முடித்து அவர் திரும்பும்போது அடுத்த நிறத்துக்கான சட்டம் காத்திருக்கும். அங்கேயும் துணி அசையாது. நடப்பதெல்லாம் மனிதரும் திரையும்.

சூட்டில் வெந்து வெளியே வரும் முதல் பீஸை மாஸ்டர் இரண்டு கைகளாலும் பிடித்துப் படம் இருக்கிற இடத்தில் இழுப்பார். சூடு போதவில்லையென்றால் மை விரிசல் விடும். துணியோடு சேர்ந்து நீண்டு, விட்டதும் சேர்ந்தே திரும்பினால், கையை உயர்த்தி மேசைப் பக்கம் காட்டுவார். மீதி லாட் ஓடத் தொடங்கும்.