கேமரா எல்லார்கிட்டயும் இருக்கு... உங்க பலம் எது? - திருமண போட்டோகிராஃபி பிசினஸ் கைடு!

தை பிறந்துவிட்டால் தாம்பரம் - வேளச்சேரி சாலையில் வாழைமரம் கட்டாத மண்டபத்தைப் பார்ப்பதே கஷ்டம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என வழிநெடுக கல்யாணக் களைதான். எந்த மண்டபத்துக்குள் போனாலும் மேடைக்கு முன்னால் நாலைந்து கேமராக்கள் முண்டியடித்து நிற்கும். அதற்குப் பின்னால் சொந்தக்காரர்களின் செல்போன்கள் வேறு!

இன்றைக்கு நல்ல கேமரா வாங்க கையில் மொத்தப் பணம் வேண்டாம், இ.எம்.ஐ போதும். ஆனால், அந்த இ.எம்.ஐ-யைக் கட்ட வருஷம் முழுக்க வேலை கிடைக்கணுமே? `பக்கத்து ஸ்டூடியோ அறுபதாயிரமா... நான் ஐம்பதாயிரத்துக்கு எடுத்துத் தர்றேன்' என்று இறங்க ஆரம்பித்தால், அந்த இறக்கத்துக்கு முடிவே இல்லை. கேமராவை விற்றுக் கடனை அடைப்பதில் போய் நிற்கும். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, `இந்த வேலைக்கு இவர்தான்' என்று நாலு பேர் சொல்கிற மாதிரி ஒரு பலத்தை வளர்த்துக்கொள்வது.

ஜெயிச்சவங்க என்ன செஞ்சாங்க?

`வெட்டிங் போட்டோஜர்னலிசம்' என்ற பாணியைப் பிரபலமாக்கியவர், அமெரிக்காவின் டெனிஸ் ரெஜி. `இங்கே பாருங்க, சிரிங்க' என்று நிற்க வைக்காமல், நடப்பதை நடக்கிறபடியே எடுப்பதுதான் அவருடைய பலம். 1996-ல் ஜான் எஃப் கென்னடி ஜூனியரின் திருமணம், ஒரு தீவில் இருந்த சின்ன மரத் தேவாலயத்தில் ரகசியமாக நடந்தது. தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது மணமகளின் கையில் கென்னடி முத்தமிட்ட அந்தக் கணத்தை ரெஜி படம்பிடித்தார். யாரும் சொல்லி வைத்து எடுத்த படமில்லை அது. அதனால்தான் உலகமே அதைக் கொண்டாடியது.

நம்ம பக்கத்தில் பெங்களூரின் மகேஷ் சாந்தாராம். ஆவணப்படக்காரரின் கண் அவருக்கு. இந்தியத் திருமணங்களின் ஆடம்பரத்தையும் அதற்குள் இருக்கும் விநோதங்களையும் எடுத்து, `மேட்ரிமேனியா' என்ற பெயரில் தனித் தொகுப்பாகவே கொண்டுவந்தார். இன்னொருவர் ஜோசப் ராதிக். 2017-ல் இத்தாலியில் நடந்த விராட் கோலி - அனுஷ்கா ஷர்மா திருமணப் படங்கள் இவருடைய குழு எடுத்தவை. நிறுவனத்தின் பெயரே `ஸ்டோரீஸ் பை ஜோசப் ராதிக்'. `நான் விற்பது படமில்லை, கதை' என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்.

மூன்று பேர், மூன்று விதமான பலம். ஆனால், `எல்லாமே எடுப்பேன்' என்ற போர்டை இவர்களில் யாரும் மாட்டவில்லை.

உங்க பலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதுவரை நீங்கள் எடுத்ததில், வாடிக்கையாளர்கள் தாங்களாகவே பாராட்டிய 20 படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பிடித்தவற்றை அல்ல, அவர்களுக்குப் பிடித்தவற்றை. அந்த 20-ல் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதுதான் உங்கள் பலம்.

* கூச்ச சுபாவமா? அது குறையே இல்லை. மூலையில் நின்று கவனிப்பவர்தான் நல்ல கேண்டிட் எடுப்பார். தாலி ஏறும்போது எல்லா கேமராவும் மணமக்கள் பக்கம் இருக்கும். தூண் ஓரமாகக் கண்ணைத் துடைக்கும் அப்பாவை நீங்கள் எடுத்திருப்பீர்கள்.

* கலகலப்பான ஆளா? குரூப் போட்டோ உங்கள் கோட்டை. பெரியப்பா, சித்தி, கோபித்துக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்த தாய்மாமன் வரை கூட்டி வந்து மேடையில் நிறுத்துவது எல்லாருக்கும் வராது. பத்து வருஷம் கழித்து வீட்டுக்காரர்கள் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

* சடங்கு தெரியுமா? காசி யாத்திரை, ஊஞ்சல், நலங்கு, தாய்மாமன் சீர் என எதற்குப் பிறகு எது என்று தெரிந்தவர், கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்பே சரியான இடத்தில் நிற்பார். தெரியாதவர் ஐயர் முதுகைத்தான் எடுப்பார்!

* எடிட்டிங்கில் வேகமா? முகூர்த்தம் முடிந்த அன்று மாலையே 30 படங்களைக் கையில் கொடுங்கள். மாசக்கணக்கில் ஆல்பத்துக்குக் காத்திருந்து நொந்துபோன குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு உங்கள் வேகமே விளம்பரம்.

* பெண் போட்டோகிராஃபரா? மணப்பெண் அறையில் தயாராகும் நேரம், வளைகாப்பு, நிக்காஹில் பெண்கள் பகுதி என ஆண்கள் போகத் தயங்கும் இடங்களில் பெண்களுக்குத் தேவை அதிகம்.

நம்ம ஏரியாவைப் படிங்க

கிழக்குத் தாம்பரம் - சேலையூர் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. பல ஊர், பல மொழி, பல மதத்தினர் கலந்து வாழும் பகுதி இது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படைத் தளம், ரயில்வே என்று வேலைக்காக வந்து தங்கியவர்களும் ஏராளம். அதனால் ஒரே மாதத்தில் ஐயர் வீட்டுக் கல்யாணம், சர்ச் கல்யாணம், நிக்காஹ், மலையாளிக் கல்யாணம் என்று நாலு விதமும் வரலாம்.

ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு வேறு. ஆராதனை நேரத்தில் ஃபிளாஷ் கூடாது என்று சொல்லும் தேவாலயங்கள் உண்டு. முந்தின நாளே போதகரிடம் கேட்டு, குறைந்த வெளிச்சத்துக்கான லென்ஸோடு போக வேண்டும். விடியற்காலை முகூர்த்தத்தில் ஹோமப் புகையும் மேடையின் கலர் எல்.இ.டி விளக்குகளும் சேர்ந்து முகத்தின் நிறத்தையே மாற்றிவிடும். அந்த மண்டபத்தின் விளக்கை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது, வெளியூரிலிருந்து வரும் பெரிய டீமுக்கு இல்லாத உங்கள் பலம்.

ட்ரோன் ஷாட் கேட்டால் மட்டும் உடனே தலையாட்டாதீர்கள். பக்கத்திலேயே விமானப்படைத் தளம், கொஞ்ச தூரத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க விடக்கூடாது. `டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடத்தைப் பார்த்த பிறகே வாக்குக் கொடுங்கள்.

60,000 ரூபாய் பேக்கேஜில் கையில் நிற்பது எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் பேசுகிறீர்கள். இரண்டாவது போட்டோகிராஃபருக்கு 8,000, வீடியோவுக்கு 10,000, ஆல்பம் அச்சுக்கு 12,000, வெளியில் கொடுக்கும் எடிட்டிங்குக்கு 8,000, வண்டி, சாப்பாட்டுக்கு 3,000. மொத்தம் 41,000. மிச்சம் 19,000.

நிற்க... கேமரா தேய்மானம்? 4 லட்ச ரூபாய் சாமான் 4 வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 1 லட்சம். வருஷத்துக்கு 20 கல்யாணம் என்றால், ஒவ்வொன்றிலும் 5,000 கழிக்க வேண்டும். இப்போது மிச்சம் 14,000. ஷூட்டிங் 2 நாள், படத் தேர்வு, ஆல்பம் வேலை 5 நாள், பேச்சுவார்த்தை 1 நாள் என 8 நாள் உழைப்பு. ஒரு நாள் சம்பளம் 1,750 ரூபாய்.

இதில் பேரம் பேசி 10,000 குறைத்தால் மிஞ்சுவது 4,000. அதாவது, ஒரு நாளைக்கு 500 ரூபாய்! வாடிக்கையாளருக்கு அது சின்ன தள்ளுபடி, உங்களுக்கு அது மொத்த வருமானம். தள்ளுபடி கேட்டால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். `ஆல்பத்தில் பக்கம் குறையும்', `இரண்டாவது போட்டோகிராஃபர் வரமாட்டார்' என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

சாமான் வாங்கக் கடன் தேவைப்பட்டால், முத்ரா திட்டத்தில் `சிஷு' பிரிவில் 50,000 ரூபாய் வரையும் `கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரையும் அடமானம் இல்லாமல் கிடைக்கும். வருஷ வரவு (லாபம் அல்ல) 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம்.

ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது?

இந்த மாதங்களில் இந்துத் திருமணங்கள் அநேகமாக இருக்காது. ஆனால் இ.எம்.ஐ-க்கு ஆடி, மார்கழி தெரியாது! சீசனில் வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். பிறந்தநாள், குழந்தை போட்டோ, நாட்டிய அரங்கேற்றம் என மாற்று வேலைகளைப் பிடிக்கலாம். பாக்கி ஆல்பங்களை முடிக்கவும் இதுதான் நேரம்.

கையெழுத்து இல்லாம கேமராவைத் தொடாதீங்க

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர்தான் முதல் உரிமையாளர். அதாவது, நீங்கள் எடுத்த கல்யாணப் படம் சட்டப்படி அந்தக் குடும்பத்துடையது. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட வேண்டுமென்றால், அந்த அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்பணம், பாக்கித் தவணை, ஆல்பம் தரும் தேதி, கல்யாணம் தள்ளிப்போனால் என்ன செய்வது என எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கட்டும்.

கடைசியாக, தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்... படங்கள் அழிந்துபோவது. தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவைப் பயன்படுத்துங்கள். பீட்டர் க்ரோ என்ற போட்டோகிராஃபர் பிரபலப்படுத்திய `3-2-1' விதியைப் பின்பற்றுங்கள். 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வேறு இடத்தில். ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை கார்டை அழிக்க வேண்டாம்.

இந்த வாரமே அந்த 20 படங்களை எடுத்து வைத்துப் பாருங்க. அடுத்து யாராவது `உங்க பேக்கேஜ் எவ்வளவு?' என்று கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் படங்களைக் காட்டுங்க. பேரம் எவ்வளவு குறையுதுன்னு நீங்களே பார்ப்பீங்க!