திருச்சிராப்பள்ளி – சிங்கப்பூர்: தொலைவும் பயண நேரமும்

திருச்சிராப்பள்ளிக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நேர் வான்தொலைவு சுமார் 2,980 கிலோமீட்டர் ஆகும். இடையில் நில்லாமல் செல்லும் விமானம் இதனை ஏறக்குறைய 4 மணி நேரத்தில் கடக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூர் போன்ற ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு மிக அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் திருச்சியே. இத்தொலைவு என்றும் மாறியதில்லை. அதைக் கடக்கும் காலமே மாறியுள்ளது.

பாய்மரக் காலம்

இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட முதலாம் இராசேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது கடற்படையை அனுப்பினான். அவனது மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா எனக் கருதப்படுகிறது. அக்காலக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே ஓடின. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டு சென்றது. வடகிழக்குப் பருவக்காற்று திரும்பக் கொண்டுவந்தது. எனவே சென்றவர்கள் காற்று மாறும் வரை அக்கரையில் பல மாதங்கள் தங்க வேண்டியிருந்தது.

நீராவிக் கப்பல் காலம்

நீராவிக் கப்பல்கள் வந்தபின் காற்றுக்காகக் காத்திருக்கும் நிலை நீங்கியது. 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' அப்பணியை ஏற்றது. பயணத்திற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நேர்ந்த தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அக்கப்பலின் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது.

வான்வழிக் காலம்

திருச்சி விமான நிலையத்திற்கு 2012-இல் பன்னாட்டு நிலையத் தகுதி வழங்கப்பட்டது. 2024-இல் அதன் புதிய முனையம் திறக்கப்பட்டது. இன்றைய பயணிகள் விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அவ்வேகத்தில் 2,980 கிலோமீட்டரைக் கடக்க சுமார் 3 மணி 35 நிமிடம் ஆகும். ஓடுபாதையில் நகரவும், மேலேறவும், கீழிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் 4 மணி நேரம் என்ற கணக்கு வரும்.

பயணச்சீட்டில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படி அச்சிடப்படுகின்றன. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தை விட 2 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளது. 1982-க்கு முன் இந்த வேறுபாடு 2 மணி நேரமாக இருந்தது. திருச்சியில் இரவு 1.00 மணிக்குப் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் காலை 7.30 ஆகியிருக்கும். அங்கே காலை 10.00 மணிக்குப் புறப்பட்டால், திருச்சியில் முற்பகல் 11.30-க்கே இறங்கலாம். சீட்டை மட்டும் பார்த்தால் போக ஆறரை மணியும், வர ஒன்றரை மணியும் ஆவது போலத் தோன்றும். இரண்டும் 4 மணி நேரமே.

காலம் குறைந்ததன் பயன்

கப்பல் காலத்தில் ஊரில் பெற்றோர் இறந்ததாகத் தந்தி வந்தாலும், மகன் வந்து சேர்வதற்குள் காரியம் கூட முடிந்துவிடும். இன்று இரவு செய்தி கேட்டவர் மறுநாள் எறையூரில் கொள்ளி வைக்க முடிகிறது. ஆயினும் அதற்கு முதலாளி விடுப்புத் தர வேண்டும். அவசரத்தில் ஏறிவிடும் கட்டணத்திற்குக் கையில் பணம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத தொழிலாளிக்குச் சிங்கப்பூர் இன்றும் தொலைவில்தான் இருக்கிறது.